குச்சிக்கிழங்கில் மாவுப்பூச்சி: குளவி விட்டால் அடங்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

ஆத்தூர்_கிழங்குக்காடு
ஏப்ரல் 14, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். ஆத்தூர் பக்கம் மூணு ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, போட்டிருக்கேன். தைக் கடைசியில் நட்டது, சொட்டுநீர்ப் பாசனம். போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு. இப்போ கொழுந்தெல்லாம் சுருண்டு முட்டைக்கோசு மாதிரி கொத்தா நின்னுபோச்சு. பிரிச்சுப் பார்த்தா உள்ளே வெள்ளை வெள்ளையா மாவு. தண்டுல கணுவுக்குக் கணு இடைவெளி குறைஞ்சு கோணலா வளருது.

கடையில் கேட்டு மூணு தரம் மருந்து அடிச்சாச்சு. ஒவ்வொரு தரமும் வேற வேற மருந்து கொடுத்தாங்க. நாலு நாள் குறைஞ்ச மாதிரி தெரியும், பத்தாம் நாள் பழையபடி ஏறிடும். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் பாயிண்ட், அதாவது கிழங்கிலுள்ள மாவுச்சத்து அளவு, பார்த்துத்தான் விலை போடுவாங்க. கொழுந்தே நின்னுபோனா கிழங்கு எங்கே பருக்கும்?

பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர், "ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல மாவுப்பூச்சியைக் கொல்ற குளவி கிடைக்கும், மருந்தை நிறுத்திட்டு அதை விடு" என்கிறார். மூணு ஏக்கருக்கு ஒரு டப்பா குளவி என்ன செய்யும்னு எனக்குப் புரியலை. மருந்தை நிறுத்தவும் பயமா இருக்கு. உண்மையா பலன் பார்த்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

பூச்சியியல்_மாணவி
ஏப்ரல் 14, இரவு 10:32

அண்ணா, குளவி பற்றிப் பேசும் முன் ஒன்று தெரிய வேண்டும். உங்கள் காட்டில் இருப்பது எந்த மாவுப்பூச்சி? மரவள்ளியில் நம் பக்கம் குறைந்தது நான்கு வகை இருக்கின்றன. எல்லாமே வெள்ளையாகத்தான் தெரியும்.

கைலென்ஸ் இருந்தால் இப்படிப் பாருங்கள். மாவைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் உடம்பு இளஞ்சிவப்பாக இருக்கிறதா, மஞ்சளாக இருக்கிறதா? நசுக்கினால் மஞ்சள் நீர் வருகிறதா? வாலில் நீளமாக இரண்டு இழைகள் தொங்குகின்றனவா? ஒரு சின்ன சீசாவில் சாராயச் சத்தில் நாலைந்து பூச்சிகளைப் போட்டு இரண்டு நாள் வையுங்கள். பப்பாளி மாவுப்பூச்சி என்றால் கறுத்துவிடும்.

நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால், கொழுந்து கொத்தாகச் சுருள்வதும் தண்டு கோணுவதும் மரவள்ளி மாவுப்பூச்சியின் வேலை. சாறு உறிஞ்சும்போது அது விடும் எச்சிலிலேயே செடியின் வளர்ச்சியைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. 2020இல்தான் இந்தியாவில் முதலில் திருச்சூரில் பதிவானது. அதற்குப் பிறகு சேலம், நாமக்கல் பக்கம் பரவியது. ஆணே தேவையில்லாத இனம். பெண் மட்டுமே பெண்ணைப் பெற்றுப் பெருகும். ஒரே ஒரு பூச்சி விதைக்குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், ஒரு காடு நிறையும்.

மருந்து ஏன் நிற்கவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. மேலே மெழுகு. முட்டைகள் பஞ்சுப் பைக்குள். எல்லாமே சுருண்ட கொழுந்துக்குள். மருந்து வெளியே நிற்கிறது. வெளியே நடமாடும் பொறிவண்டும் குளவியும் சாகின்றன. உள்ளே தப்பியது எதிரியில்லாமல் பெருகுகிறது.

மல்பெரிக்காரர்
ஏப்ரல் 15, காலை 6:05

தம்பி, உங்க நிலைமையில நான் 2009ல நின்னனுங்க. அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கங்க.

நாங்க திருப்பூர் மாவட்டம். ரெண்டரை ஏக்கர் மல்பெரி, பட்டுப்புழு வளர்ப்பு. 2008ல கோயமுத்தூர்ல பப்பாளியில ஏதோ கள்ளிப்பூச்சி வந்திருக்குதுன்னு பேசிக்கிட்டாங்க. கள்ளியில வெள்ளையா அப்பியிருக்கும் பாருங்க, அதே மாதிரி இருந்ததால எங்க பக்கம் அந்தப் பேருதான் நின்னுபோச்சு. அடுத்த வருசம் என்ற தோட்டத்துக்குள்ளயே வந்திருச்சுங்க. மல்பெரி, பப்பாளி, மரவள்ளி, பருத்தி, கொய்யா, செம்பருத்தி, வேலியோரக் களை ஒண்ணையும் விடல. தழை சுருங்கி, பிசுபிசுன்னு ஒட்டி, அது மேல கரும்பூசணம் படிஞ்சு கிடக்கும்.

மத்த பயிர்க்காரங்களுக்கு மருந்தாவது அடிக்கலாம். நாங்க அடிச்ச தழையைப் புழுவுக்குப் போட்டா புழு செத்துரும். புழு பசியோட தட்டுல கிடக்கறதைப் பார்த்தவங்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். மேட்டுத் தோட்டத்துக்காரங்க ரெண்டு பேரு மல்பெரியையே புடுங்கிப் போட்டுட்டாங்க. நான் பொறிவண்டு வாங்கி விட்டேன். அது தின்னுச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா பூச்சி பெருகுற வேகத்துக்கு அதால ஈடுகொடுக்க முடியல. இன்னொண்ணும் இருந்துச்சு, ஒரு சின்ன பட்டாம்பூச்சியோட புழு. மாவுக்குள்ளயே கிடந்து கள்ளிப்பூச்சியைத் தின்னும். அதோட கூட்டுப்புழுவைப் பார்த்தா அசல் குரங்கு மூஞ்சி. நம்ம ஆளுங்க பல பேரு அதையும் கெட்ட புழுன்னு நசுக்கிப் போட்டாங்க.

2010 கடைசியில வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல இருந்து ஒரு குளவியைக் கொண்டு வந்தாங்க. குப்பியைக் கையில கொடுத்தப்ப எனக்குச் சப்புன்னு ஆயிருச்சுங்க. கண்ணுக்கே சரியாத் தெரியல, தூசி மாதிரி இருந்துச்சு. மருந்து அடிக்காதீங்க, மூணு மாசம் பொறுங்கன்னாங்க. மனசில்லாமத்தான் விட்டேன். தையில கொழுந்து விரிய ஆரம்பிச்சுது. சித்திரையில தேடிப் பார்த்தாத்தான் பூச்சி. அதுக்கப்புறம் நான் அந்தக் குளவியைக் காசு கொடுத்து வாங்கினதே இல்லைங்க. அது இன்னும் தோட்டத்துலதான் இருக்குது.

கேள்வி_கேட்பவன்
ஏப்ரல் 15, மதியம் 1:20

ஐயாவின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த இழையில் யாராவது மறுபக்கத்தையும் பேச வேண்டும். வெளிநாட்டுப் பூச்சி ஒன்று வந்து தொல்லை கொடுக்கிறது, அதை அடக்க இன்னொரு வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டு வருகிறோம். மாவுப்பூச்சி தீர்ந்த பிறகு அது எதைத் தின்னும்? ஆஸ்திரேலியாவில் 1935இல் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று ஹவாயிலிருந்து தேரையைக் கொண்டுபோய் விட்டார்கள். அது வண்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் விழுங்கியது. அதைத் தின்ற விலங்குகள் அதன் நஞ்சில் செத்தன. இன்றுவரை பரவிக்கொண்டே இருக்கிறது. நம் ஊரிலும் பார்த்தீனியத்தை அழிக்க 1984இல் பெங்களூரில் ஒரு மெக்சிகோ வண்டை விட்டார்கள். பிற்பாடு அது சூரியகாந்தியில் தென்பட்டுப் பெரிய சர்ச்சையானது.

ஒரு முறை விட்டுவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. மருந்தையாவது நிறுத்தலாம்.

பூச்சியியல்_மாணவி
ஏப்ரல் 15, இரவு 8:48

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. திரும்பப் பிடிக்க முடியாது என்பது முழு உண்மை. அதனால்தான் விடுவதற்கு முன் செய்யும் வேலை முக்கியமாகிறது.

தேரை வாய்க்கு எட்டிய எதையும் விழுங்கும். ஒட்டுண்ணிக் குளவி அப்படியில்லை. அதன் புழு மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே பிறந்து, உள்ளிருந்து தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகிறது. அந்தப் பூச்சியின் எதிர்ப்பைச் சமாளித்து உள்ளே உயிர்வாழும்படி பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழகியது. வேறு பூச்சிக்குள் முட்டை வைத்தாலும் பெரும்பாலும் பிழைக்காது. செடியைத் தின்ன அதற்கு வாயும் இல்லை. மாவுப்பூச்சி குறைந்தால் குளவியும் குறையும், கூடினால் கூடும். இரண்டும் அறவே ஒழியாது.

ஐயா சொன்ன குளவி, பப்பாளி மாவுப்பூச்சியின் தாயகமான மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்தது. பெயர் அசிரோஃபேகஸ் பப்பாயே. 2010இல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து அமெரிக்க வேளாண் துறை மூலம் வரவழைத்து, பெங்களூரில் தனிமைக்கூடத்தில் வளர்த்துச் சோதித்த பிறகே தோட்டத்துக்கு வந்தது. தனிமைக்கூடத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. குளவியையே கொல்லும் குளவிகள் இருக்கின்றன. அவை கூடவே ஒட்டி வந்துவிடாமல் வடிகட்ட வேண்டும்.

இனி ஆத்தூர் அண்ணாவின் பூச்சிக்கு வருகிறேன். நான் இந்தத் துறைக்கு வரக் காரணமே இந்தக் கதைதான்.

மரவள்ளி தென்னமெரிக்கப் பயிர். ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே கோடிக்கணக்கானோரின் அன்றாடச் சோறாகிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் காங்கோ பக்கம் இந்த மாவுப்பூச்சி வந்தது. எதிரி ஊரில் தங்கிவிட்டான், பூச்சி மட்டும் கப்பலேறிவிட்டது. நாடு நாடாக மரவள்ளி கருகியது. எதிரியைத் தேடி ஆய்வாளர்கள் தென்னமெரிக்காவின் வடபகுதிக்குப் போனார்கள். மரவள்ளியில் மாவுப்பூச்சி இருந்தது, அதன் ஒட்டுண்ணிகளும் இருந்தன. எடுத்து வந்து வளர்த்தால் ஆப்பிரிக்கப் பூச்சியில் அவை பெருகவே இல்லை. நுணுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அங்கே இருந்தது வேறு இனம். பார்வைக்கு அக்கா தங்கை போல இருக்கும். குளவிக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்கிறது, மனிதருக்குத்தான் தெரியவில்லை. உண்மையான பூச்சி 1981இல் பராகுவேயில் கிடைத்தது. அதன் மேல் இருந்த குளவிதான் அனாகைரஸ் லோபெசி. நைஜீரியாவில் தொடங்கி, விமானத்தில் இருந்துகூட அதை விட்டார்கள். அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

2008இல் தாய்லாந்தில் அதே பூச்சி வந்தது, அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனினில் இருந்து கொண்டுபோனார்கள். நமக்கும் 2021இல் பெனினில் இருந்துதான் வந்தது. தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் சோதித்து வளர்த்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது. அண்ணா, நீங்கள் குளவியின் வாசற்படியிலேயே இருக்கிறீர்கள்.

ஒரு டப்பா மூன்று ஏக்கருக்குப் போதுமா என்று கேட்டீர்கள். மாவுப்பூச்சி தாக்கிய மரவள்ளி ஒரு வாசனையை வெளிவிடுகிறது. நம் மூக்குக்கு எட்டாது, குளவிக்கு எட்டும். அதைப் பிடித்துக்கொண்டு செடியைத் தேடி வரும். காடு முழுக்க நாம் தூவ வேண்டியதில்லை.

பொள்ளாச்சி_தோப்பு
ஏப்ரல் 16, காலை 7:40

நான் பாதி ஒத்துக்கறேன். 2016ல எங்க பக்கம் தென்னையில சுருள் வெள்ளை ஈ வந்துச்சு. ஓலைக்கடியில வட்டம் வட்டமா முட்டை, கீழ் ஓலை, ஊடுபயிர், கிணத்துமேடு எல்லாம் கரும்பூசணம். அதுக்கு என்கார்சியான்னு ஒரு குளவி. இதை யாரும் கொண்டு வரல, ஈயோட சேர்ந்து தானா வந்திருக்குன்னு சொன்னாங்க. மருந்து அடிக்காம, தண்ணியைப் பீச்சி அடிச்சு, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாக் கஞ்சி தெளிச்சோம். கல்வாழையை ஊடால நட்டோம், அதுல வெள்ளை ஈ இருக்கும், குளவி அதுல பெருகி தென்னைக்குப் போகும்னு. குறைஞ்சது நிசம்.

ஆனா ஓயல. ரெண்டு வருசத்துல கூடுகட்டற வெள்ளை ஈன்னு இன்னொரு இனம் வந்து சேர்ந்துச்சு. அதுமேல அந்தக் குளவி சரியா வேலை செய்யறதில்லை. இப்ப ஒரே ஓலையில ரெண்டும் இருக்கு. குளவின்னா எல்லாம் தீர்ந்துரும்னு தம்பிக்கு ஆசை காட்டிராதீங்க.

பூச்சியியல்_மாணவி
ஏப்ரல் 16, காலை 9:15

நீங்கள் சொல்வது சரிதான் சார். தென்னையில் இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. இரண்டாவது ஈக்கு ஏற்ற எதிரியைக் கண்டுபிடிக்கும்வரை முதல் குளவியைச் சாகவிடாமல் வைத்திருப்பதுதான் நம் கையில் இருப்பது.

வன்னி_மண்
ஏப்ரல் 16, இரவு 11:02

வணக்கம். பப்பாசி மாவுப்பூச்சி இலங்கைக்கும் அதே 2008இலதான் வந்தது. அப்ப நான் கம்பஹா பக்கம் வேலை செய்தனான். வாடகைக்கு இருந்த வீட்டு வளவில நிண்ட ஆறு பப்பாசி மரத்தையும் வெட்டி எரிச்சம். அடுத்த வருசம், இந்தியாவுக்கு முதலே, அந்தக் குளவி அங்க வந்திட்டுது. இப்ப வவுனியாவில என்ர பப்பாசியில பூச்சி இல்லையெண்டில்லை. தேடினா இருக்கு. மரம் காய்க்குது.

இன்னொண்டு சொல்ல வேணும். இந்த வேலை எங்கட ரெண்டு கரைக்கும் புதுசில்லை. 1795இல சாயம் எடுக்கவெண்டு பிரேசிலில இருந்து இந்தியாவுக்கு ஒரு பூச்சியைக் கொண்டு வந்தவை. நினைச்சுக் கொண்டு வந்த இனம் அதில்லை, சாயமும் சரிவரேல்லை. ஆனா அது நாகதாளிக் கள்ளியைத் திண்டு அழிச்சதைக் கண்டவை, 1830களில தென்னிந்தியாவுக்கும், 1860களில இலங்கைக்கும் கள்ளியை அழிக்கவெண்டே அதைக் கொண்டு போனவை. உலகத்திலேயே தெரிஞ்சு செய்த முதல் முயற்சிகளில அதுவும் ஒண்டு.

மல்பெரிக்காரர்
ஏப்ரல் 17, காலை 5:50

சப்பாத்திக்கள்ளி பத்தி எங்க பாட்டனும் சொல்லுவாருங்க. அவரு சின்ன வயசுல காடு மேடெல்லாம் கள்ளி மண்டிக் கிடந்துச்சாம். திடீர்னு வெள்ளைப் பூச்சி வந்து நாலைஞ்சு வருசத்துல அத்தனையும் சாஞ்சுபோச்சாம். அது நீங்க சொல்ற காலத்துக்கு ரொம்பப் பின்னாடிங்க.

பூச்சியியல்_மாணவி
ஏப்ரல் 17, காலை 8:30

ஐயா, உங்கள் பாட்டனார் பார்த்தது இரண்டாவது பூச்சி. முதல் பூச்சி ஒரு வகைக் கள்ளியை மட்டும்தான் தின்றது. நம் பக்கம் மண்டியிருந்த முள் கள்ளி வேறு இனம், அதை அது தொடவே இல்லை. அதற்கென்று 1926இல் கள்ளியைத் தின்னும் வேறொரு பூச்சியை இலங்கை வழியாகக் கொண்டு வந்தார்கள். உங்கள் குடும்பத்திலேயே அதன் சாட்சி இருக்கிறது என்பது எனக்கு மிகவும் மகிழ்ச்சி.

கூடலூர்_மரம்
ஏப்ரல் 18, மாலை 4:12

காட்டுப் பக்கத்தில் இருந்து ஒரு செய்தி. நிலம்பூர் தேக்கில் முதல் மழைக்கு ஒரு புழு வரும், சில நாளில் மலைச்சரிவையே மொட்டையாக்கிவிடும். இலைதானே, திரும்பத் துளிர்க்கும் என்று நெடுநாள் விட்டுவிட்டார்கள். பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம், புழு தாக்காமல் காத்த மரங்களோடு ஒப்பிட்டு அளந்து பார்த்தது. இளந்தேக்குக்குக் கிடைக்க வேண்டிய வளர்ச்சியில் 44 சதவீதம் போகிறது என்று தெரிந்தது. காட்டில் மருந்து தெளித்தால் கீழே ஆறும் மீனும் என்னாவது? அந்தப் புழுவுக்கே வரும் ஒரு வைரஸ் நோயைக் கண்டுபிடித்து, நோயில் செத்த புழுக்களில் இருந்து அதைப் பிரித்துத் தெளிக்கும் முறையை உருவாக்கினார்கள். நோய் கண்ட புழு தலைகீழாகத் தொங்கி, உடம்பு கரைந்து, இலை மேல் சொட்டும். பக்கத்துப் புழு அந்த இலையைத் தின்று சாகும். வேறு எந்த உயிருக்கும் அந்த நோய் ஒட்டாது.

ஆத்தூர்_கிழங்குக்காடு
ஏப்ரல் 21, இரவு 8:30

எல்லாரும் இவ்வளவு எழுதினதுக்கு நன்றி. லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பு. வாலில் நீள இழை இல்லை. சாராயச் சத்துலயும் கறுக்கலை. ஏத்தாப்பூருக்கே நேரில் கொண்டு போய்க் காட்டினேன், மரவள்ளி மாவுப்பூச்சிதான்னு உறுதி பண்ணிட்டாங்க. குளவி தர்றேன்னாங்க. ஆனா நான் மருந்து அடிச்சு ஒன்பது நாள்தான் ஆகுது. பக்கத்துக் காட்டுக்காரர் வாராவாரம் அடிக்கிறார். என்ன செய்யட்டும்?

பூச்சியியல்_மாணவி
ஏப்ரல் 21, இரவு 9:44

இன்னும் பத்து நாளாவது பொறுத்து வாங்குங்கள். மருந்தின் வீரியம் தீராமல் விட்டால் குளவி அன்றைக்கே செத்துவிடும். அதற்குள் மிக மோசமான கொழுந்துகளை மட்டும் கிள்ளி எரித்துவிடுங்கள். எல்லாவற்றையும் எரிக்காதீர்கள், குளவிக்கு வேலை வேண்டும். காலையிலோ மாலையிலோ, வெயில் இல்லாத நேரத்தில், பூச்சி கண்ட செடிக்கு அருகில் குப்பியைத் திறந்து வைத்து மெல்ல நடங்கள். பக்கத்துக் காட்டை ஒட்டிய ஓரத்தில் விடாமல் நடுக்காட்டில் விடுங்கள்.

எறும்பைக் கவனியுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், குளவியை அண்டவிடாது. புற்று இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் கலைத்துவிடுங்கள்.

பக்கத்துக் காட்டுக்காரரிடம் சண்டை வேண்டாம். லென்ஸை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி_கேட்பவன்
ஏப்ரல் 22, காலை 10:05

குளவி பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். தேரையோடு இதை ஒப்பிட்டது பொருந்தவில்லை. ஆனால் ஒன்று மிச்சம் இருக்கிறது. குளவி பெருக இரண்டு மூன்று மாதம் ஆகும் என்கிறீர்கள். அதுவரை வரும் இழப்பு விவசாயியின் தலையில். கடைக்காரர் மருந்தைக் கடனுக்குக் கொடுக்கிறார். பொறுமைக்கு யார் கடன் கொடுப்பது?

மல்பெரிக்காரர்
ஏப்ரல் 22, மதியம் 12:30

சரியான கேள்விங்க. எனக்கு யாரும் கொடுக்கல. ஒரு வருசம் மாடு வித்துத்தான் ஓட்டினேன். அரசாங்கம் குளவியைக் கொடுக்கறதோட நிக்காம, அந்த மூணு மாசத்துக்கு ஒரு கை கொடுக்கணும்னு அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன்.

ஆத்தூர்_கிழங்குக்காடு
ஜூலை 30, இரவு 9:25

ரொம்ப நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். மே முதல் வாரம் குளவி விட்டேன். முதல் இருபது நாள் ஒண்ணும் தெரியலை. ரெண்டு தரம் ராத்திரியில மருந்து டேங்கை எடுத்து வெச்சுட்டேன், வீட்டுக்காரிதான் வேண்டாம்னு தடுத்தா.

ஜூன் நடுவில ஒரு கொழுந்தைப் பிரிச்சப்போ சில பூச்சி உப்பலா, பழுப்பா, கெட்டியா இருந்துச்சு. லென்ஸ்ல பார்த்தா ஒவ்வொண்ணுலயும் ஒரு உருண்டை ஓட்டை. குளவி வெளியே வந்த வழி. அன்னைக்கு நான் தூங்கலை. நடுவில ஒரு மழையும் பெஞ்சுது, அதுவும் பூச்சியைக் கழுவி விட்டிருக்கும், எல்லாம் குளவிதான்னு சொல்ல மாட்டேன். இப்போ ரெண்டு ஏக்கரில் புதுக்கொழுந்து நேரா வருது. பக்கத்துக் காட்டை ஒட்டின ஓரம் மட்டும் இன்னும் மோசம். கணக்குப் பார்த்தா இந்தப் போகம் கால்வாசி கிழங்கு குறையும். கேள்வி கேட்ட அண்ணன் சொன்னது என் வரைக்கும் நிசம்.

பக்கத்துக் காட்டுக்காரர் நேத்து வந்து லென்ஸை வாங்கிட்டுப் போனார்.

பூச்சியியல் தங்கச்சிக்கு ஒரு கேள்வி. கிணத்துமேட்டுப் பப்பாளிக்குக் கீழே இருக்கற அஞ்சாறு குச்சிக்கிழங்குச் செடியில் மஞ்சள் உடம்புப் பூச்சி இருக்கு. அதுலயும் ஓட்டை போட்ட கூடு பார்த்தேன். நான் விட்ட குளவி அதையும் பிடிக்குமா?

பூச்சியியல்_மாணவி
ஜூலை 30, இரவு 10:50

பிடிக்காது அண்ணா. அது பப்பாளி மாவுப்பூச்சி. அந்தக் கூட்டில் இருந்து வந்தது 2010இல் ஐயா கையில் வாங்கிய குளவியின் வழிவந்ததாகத்தான் இருக்கும். முடிந்தால் அந்த இலையை அப்படியே காற்றோட்டமான டப்பாவில் போட்டு எனக்கு அனுப்புங்கள், வெளியே வருவதைப் பார்த்துச் சொல்கிறேன்.

மல்பெரிக்காரர்
ஜூலை 31, காலை 5:40

தம்பி, அடுத்த போகத்துக்கு விதைக்குச்சி எங்கே எடுக்கப் போறீங்க? அந்த ஓரத்துச் செடியில மட்டும் எடுத்துராதீங்க.

ஆத்தூர்_கிழங்குக்காடு
ஜூலை 31, காலை 6:15

நடுக்காட்டுல நாலு வரிசைக்குச் சிவப்புத் துணி கட்டி வெச்சுட்டேனுங்க ஐயா.